எடையும் இதயமும்: வாசகர் கேள்விகளுக்கு மருத்துவர் பதில்கள்

உடல் பருமனுக்கும் இதய நோய்க்கும் உள்ள தொடர்பு குறித்துச் சென்ற இதழில் வெளியான குறிப்பைப் படித்துவிட்டு வாசகர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். தமக்கு என்ன சிகிச்சை என்று கேட்டு வந்த கடிதங்களுக்கு நேரில் பார்க்காமல் பதில் எழுதுவது முறையாகாது. ஆய்வுகளைப் பற்றியும், அவற்றை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதைப் பற்றியும் எழுந்த கேள்விகளை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

என் பெரியப்பா கடைசிவரை தொண்ணூறு கிலோவுக்குக் குறையாமல் இருந்தார். எண்பத்து நான்கு வயது வரை வயலுக்குப் போய்வந்தார். ஒல்லியான என் தம்பிக்கோ நாற்பத்தாறு வயதில் ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். பருமனால் இதய நோய் வருகிறது என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்? (ஒரு வாசகர், சேலம்)

ஒரு குடும்பத்தில் இரண்டு பேரைப் பார்த்து முடிவுக்கு வர இயலாது என்பதனால்தான், ஆயிரக்கணக்கானோரைப் பல பத்தாண்டுகள் பின்தொடரும் ஆய்வுகள் தோன்றின. அவற்றுள் பேர்பெற்றது, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஃபிராமிங்ஹாம் என்ற ஊரில் 1948-இல் தொடங்கிய ஆய்வு. அவ்வூரைச் சேர்ந்த 5,209 ஆண்களும் பெண்களும் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வந்து, எடை, இரத்த அழுத்தம், இரத்தக் கொழுப்பு, இ.சி.ஜி. என எல்லாவற்றையும் பதிவு செய்துவிட்டுப் போனார்கள். பின்னர் அவர்களில் யாருக்கு மாரடைப்பு வந்தது, வந்தவர்களிடம் முன்பே என்ன வேறுபாடு இருந்தது என்று பதிவேடுகளைத் திருப்பிப் பார்க்க முடிந்தது.

உயர் இரத்த அழுத்தம், இரத்தக் கொழுப்பு, புகைப்பழக்கம் ஆகியவற்றின் பங்கு 1960-களிலேயே தெளிவாகிவிட்டது. பருமனின் பங்குதான் நெடுநாள் இழுபறியில் கிடந்தது. பருமனாக இருப்பவருக்குப் பெரும்பாலும் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் சேர்ந்தே கூடியிருக்கும் என்பதால், மாரடைப்புக்குக் காரணம் எடையா, எடை கூட்டிக்கொண்டு வந்த மற்றவையா என்று பிரித்துச் சொல்வது எளிதாக இல்லை. 26 ஆண்டுக் கண்காணிப்பின் விவரங்களைக் கொண்டு ஹெலன் ஹியூபர்ட்டும் உடன் பணியாற்றியவர்களும் 1983-இல் வெளியிட்ட கட்டுரை, அந்த மற்ற காரணிகளைக் கணக்கில் கழித்துவிட்ட பிறகும் பருமன் தனியே ஒரு பங்கை வகிக்கிறது என்று காட்டியது. இவ்வாறு கழிப்பதே பருமனுக்குச் சலுகை காட்டும் கணக்கு என்பது என் கருத்து. இரத்த அழுத்தத்தை ஏற்றிவிட்டதே எடைதான் என்னும்போது, அழுத்தத்தால் வந்த கேட்டை எடையின் கணக்கில் எழுதாமல் விடுவது எப்படிப் பொருந்தும்?

உங்கள் பெரியப்பாவும் தம்பியும் இந்த ஆய்வுகளுக்கு முரணானவர்கள் அல்லர். ஆய்வு சொல்வது ஒரு கூட்டத்தின் சராசரியை. அந்தக் கூட்டத்தில் விதிவிலக்குகள் எப்போதும் இருப்பார்கள். தம்பியின் விஷயத்தில் புகை, பரம்பரை, சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். உங்களுக்கும் அதே இரத்தம் என்பதால், உங்கள் கொழுப்பு, சர்க்கரை அளவுகளையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

எனக்கு வயது 38. என் பி.எம்.ஐ. (எடையை உயரத்தோடு ஒப்பிட்டுக் கணக்கிடும் அளவு) 24 என்று கணக்கிட்டார்கள். இணையத்தில் தேடினால் இது இயல்பான எடை என்கிறது. எங்கள் ஊர் மருத்துவமனைச் சீட்டில் ‘அதிக எடை’ என்று எழுதியிருக்கிறது. எதை நம்புவது? (ஒரு வாசகி, தூத்துக்குடி)

மருத்துவமனைச் சீட்டை நம்புங்கள். 25 வரை இயல்பு என்னும் வரம்பு, பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினரிடம் திரட்டிய விவரங்களிலிருந்து வந்தது. ஆசிய மக்களிடம் இதைவிடக் குறைந்த எடையிலேயே சர்க்கரை நோயும் இதய நோயும் கூடுவதைக் கண்ட உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு, 2004-இல், ஆசியர்களுக்கு 23-ஐயும் 27.5-ஐயும் கவனிக்க வேண்டிய எல்லைகளாகச் சேர்த்துக்கொள்ளலாம் என்றது. இந்திய வல்லுநர்கள் 2009-இல் கூடி எடுத்த முடிவின்படி 23-க்கு மேல் அதிக எடை, 25-க்கு மேல் பருமன்.

ஏன் இந்த வேறுபாடு என்பதை, 2004 ஜனவரியில் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஒரு பக்கக் குறிப்பு அழகாகக் காட்டியது. புணே நகரின் மருத்துவ ஆய்வாளர் சித்தரஞ்சன் யாஜ்னிக், இலண்டனின் ஜான் யுட்கின் ஆகிய இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று எடுத்துக்கொண்ட படம் அதில் இருந்தது. இருவருக்கும் பி.எம்.ஐ. ஒன்றே, 22.3. உடற்கொழுப்பை அளந்தபோது யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2 விழுக்காடு. தராசு ஒன்றாகக் காட்டிய இரண்டு உடல்களில் ஒன்றில் இருமடங்குக்கும் மேலான கொழுப்பு இருந்தது.

அந்தக் கொழுப்பு எங்கே படிகிறது என்பதும் முக்கியம். தோலுக்கு அடியில் படிவதைக் காட்டிலும், வயிற்றுக்குள் கல்லீரல், குடல் ஆகியவற்றைச் சுற்றிப் படிவதே அதிகக் கேடு செய்கிறது. அது கொழுப்பமிலங்களைக் கல்லீரலுக்கு அனுப்புகிறது. அழற்சியைத் தூண்டும் பொருட்களைச் சுரக்கிறது. இன்சுலின் வேலை செய்யவிடாமல் தடுக்கிறது. 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வின் விவரங்களைக் கொண்டு சலீம் யூசுஃப் குழுவினர் 2005-இல் வெளியிட்ட கட்டுரையில், மாரடைப்பை முன்னறிவிப்பதில் பி.எம்.ஐ.யைவிட இடுப்புக்கும் பிட்டத்துக்கும் உள்ள சுற்றளவு விகிதமே வலுவாக நின்றது. அதே ஆய்வில், இந்தியா, இலங்கை உள்ளிட்ட தெற்காசிய நாடுகளில் முதல் மாரடைப்பின் சராசரி வயது 53 ஆகவும், பிற நாடுகளில் ஏறக்குறைய 59 ஆகவும் இருந்தது.

ஆகவே ஓர் அளவு நாடாவை எடுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக வெளியே விட்ட நிலையில், துணிக்கு மேலே இல்லாமல் அளக்க வேண்டும். பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்கும் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்கும் மேற்பட்டால் வயிற்றுப் பருமன் என்று கொள்கிறோம். பாவாடை நாடாவும் பேன்ட் பெல்ட்டும் வழக்கமாக இந்த இடத்துக்குக் கீழே, தொந்திக்கு அடியில் போய் உட்கார்ந்திருக்கும். பேன்ட் அளவு 34 என்பதால் வயிற்றுச் சுற்றளவும் 34 அங்குலம்தான் என்று வாதாடும் ஆண்களிடம் நாடாவைக் காட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. 2019–21-இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் பெண்களில் 40.4 விழுக்காட்டினரும் ஆண்களில் 37 விழுக்காட்டினரும் பி.எம்.ஐ. 25-ஐத் தொட்டோ கடந்தோ இருந்தார்கள். எல்லையை 23 என வைத்தால் இந்தப் பங்கு இன்னும் கூடும்.

எடை கூடினால் ஆபத்து என்பது புரிகிறது. எடையைக் குறைத்தால் மாரடைப்பு குறையும் என்று யாராவது நிரூபித்திருக்கிறார்களா? நான் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். ஒரு கூற்று உண்மை என்பதால் அதன் மறுதலையும் உண்மையாகிவிடாது என்பதை மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவன். (ஒரு வாசகர், கோயம்புத்தூர்)

வந்த கேள்விகளில் மிகக் கூர்மையானது இதுதான், ஐயா. மருத்துவ உலகம் இதற்கு விடை தேடி முப்பது ஆண்டுகளுக்கு மேல் தடுமாறியிருக்கிறது.

கண்காணிப்பு ஆய்வினால் இதற்கு விடை சொல்ல முடியாது. தானாக எடை குறைந்தவர்களைப் பின்தொடர்ந்தால், அவர்களில் பலர் காசநோய், புற்றுநோய், இதயச் செயலிழப்பு போன்ற வேறு நோயால் மெலிந்தவர்களாக இருப்பார்கள். மெலிந்தவர்களே விரைவில் இறக்கிறார்கள் என்ற தலைகீழான விடை வரும். ஆகையால், ஒரே மாதிரியான மக்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியினரை மட்டும் எடை குறைக்க வைத்து, ஆண்டுக்கணக்கில் காத்திருந்து இரு பக்கமும் மாரடைப்புகளை எண்ண வேண்டும். செலவு மிகுந்த வேலை.

அமெரிக்காவில் 16 மையங்களில் நடந்த ‘லுக் அஹெட்’ ஆய்வு அதைத்தான் செய்தது. சர்க்கரை நோயும் அதிக எடையும் கொண்ட 5,145 பேர் சேர்ந்தார்கள். ஒரு பாதியினருக்குக் கலோரி குறைந்த உணவு, வாரத்துக்கு 175 நிமிட உடற்பயிற்சி, இடைவிடாத ஆலோசனை. மறு பாதியினருக்கு வழக்கமான சர்க்கரை நோய்ச் சிகிச்சையும் பொதுவான அறிவுரையும். முதல் ஆண்டில் முதற்குழு சராசரியாக 8.6 விழுக்காடு எடையைக் குறைத்தது, மற்றது 0.7 விழுக்காடு. ஆய்வின் முடிவில் அந்த இடைவெளி 6-க்கு 3.5 என்று சுருங்கிவிட்டது. ஏறத்தாழ பத்து ஆண்டுகள் ஆனபின், முதற்குழுவில் 403 பேருக்கும் மற்றதில் 418 பேருக்கும் மாரடைப்பு, பக்கவாதம், இதய நோய் மரணம் போன்றவை நேர்ந்திருந்தன. இவ்வளவு சிறிய வேறுபாடு தற்செயலாகவே வரக்கூடியது. இனித் தொடர்ந்தும் பயனில்லை என்று 2012-இல் ஆய்வை நிறுத்திவிட்டார்கள்.

இதைப் படித்துவிட்டு உணவுக் கட்டுப்பாடும் நடையும் வீண் என்று முடிவு கட்டியவர்கள் உண்டு. அது அவசரம். அந்தக் குழுவினருக்கு உறக்கத்தில் மூச்சடைப்பது குறைந்தது. சிறுநீரகக் கேடு குறைந்தது. நடமாட்டம் நெடுநாள் நன்றாக இருந்தது. மருந்துகளின் தேவையும் குறைந்தது. ஒப்பீட்டுக் குழுவினரோ இரத்தக் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரைகளை அதிகமாக எடுத்துக்கொண்டார்கள் என்பதால், அவர்களுடைய இதயத்துக்கும் ஓரளவு பாதுகாப்பு கிடைத்துவிட்டது. முதல் ஆண்டில் பத்து விழுக்காட்டுக்கு மேல் எடை குறைத்தவர்களை மட்டும் தனியே பிரித்துப் பார்த்தபோது, அவர்களிடம் இதயப் பாதிப்பு ஐந்தில் ஒரு பங்கு குறைவாக இருந்தது. ஆனால் இவ்வாறு பின்னால் பிரித்துப் பார்ப்பதில் குலுக்கலின் நேர்மை போய்விடுகிறது. பத்து விழுக்காடு குறைக்க முடிந்தவர் மற்ற விஷயங்களிலும் கட்டுப்பாடு உள்ளவராக இருந்திருக்கலாம் அல்லவா?

இதற்கிடையில் இன்னொரு பாடம். சிபுட்ரமின் என்ற பசி குறைக்கும் மாத்திரை சந்தையில் நன்றாக விற்றுக்கொண்டிருந்தது. எடையைக் குறைக்கிறது என்பதே அதற்கு அனுமதி கிடைக்கப் போதுமானதாக இருந்தது. பிறகு, இதய நோயோ சர்க்கரை நோயோ உள்ளவர்களில் ஏறத்தாழ 9,800 பேரை வைத்து நடத்திய ‘ஸ்கௌட்’ ஆய்வில் மாரடைப்புகளையும் எண்ணினார்கள். மாத்திரை எடுத்தவர்களில் 11.4 விழுக்காட்டினருக்கும், மருந்துப்போலி (பார்வைக்கு ஒன்றேயான, மருந்தில்லாத மாத்திரை) எடுத்தவர்களில் 10 விழுக்காட்டினருக்கும் மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பாதிப்பு நேர்ந்திருந்தது. எடை குறைந்தது, மாரடைப்பு கூடியது. 2010-இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அந்த மருந்து சந்தையைவிட்டு வெளியேற, 2011-இல் இந்திய அரசும் தடை விதித்தது. ஓர் ஆய்வில் எதை எண்ணினார்கள் என்று முதலில் பார்க்க வேண்டும் என நான் அடிக்கடி எழுதுவதற்கு இந்த மருந்தே காரணம். கிலோவை எண்ணிய ஆய்வு கிலோவைப் பற்றி மட்டுமே சொல்லும்.

நம்பிக்கை தந்த முதல் செய்தி சுவீடனிலிருந்து வந்தது. 1987-இல் தொடங்கிய அங்கத்திய ஆய்வில், பருமனுக்காக இரைப்பை அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட 2,010 பேரையும் செய்துகொள்ளாத 2,037 பேரையும் ஒப்பிட்டார்கள். குலுக்கல் இல்லை, அக்காலத்தில் இந்த அறுவையிலேயே உயிரிழப்பு கணிசமாக இருந்ததால், நெறிமுறைக் குழுக்கள் குலுக்கலுக்கு இசையவில்லை. 2012-இல் வெளியான கணக்கின்படி இதய நோயாலும் பக்கவாதத்தாலும் இறந்தவர்கள் அறுவைக் குழுவில் 28 பேர், மற்றதில் 49 பேர். இதில் விந்தை என்னவென்றால், அதிக எடை குறைந்தவர்களுக்கு அதிகப் பயன் என்ற நேர்கோட்டுத் தொடர்பு அந்தக் கணக்கில் தென்படவில்லை. குலுக்கல் முறையில் தெளிவான விடை கிடைக்க 2023 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அது அடுத்த கேள்விக்கான பதிலில் வருகிறது.

வாரம் ஒருமுறை போடும் எடை குறைப்பு ஊசி மாரடைப்பை 20 விழுக்காடு குறைக்கிறது என்று செய்தியில் படித்தேன். எனக்கு இதய நோய் இல்லை, எடை மட்டும் அதிகம். போட்டுக்கொள்ளலாமா? (ஒரு வாசகர், சென்னை)

நீங்கள் படித்தது ‘செலெக்ட்’ ஆய்வைப் பற்றிய செய்தி. செமாகுளூடைடு என்ற மருந்தை வாரம் 2.4 மில்லிகிராம் வீதம் கொடுத்து 41 நாடுகளில் 17,604 பேரிடம் நடத்தப்பட்டு, 2023 நவம்பரில் வெளியானது. ஆய்வுக்குப் பணம் கொடுத்தது அந்த மருந்தைத் தயாரிக்கும் நோவோ நார்டிஸ்க் நிறுவனம். அதனால் மட்டும் முடிவு பொய்யாகிவிடாது என்றாலும், படிப்பவர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய செய்தி அது.

சேர்க்கப்பட்டவர்கள் யார் என்று முதலில் பார்ப்போம். 45 வயதைக் கடந்தவர்கள், பி.எம்.ஐ. 27-க்குக் குறையாதவர்கள், சர்க்கரை நோய் இல்லாதவர்கள், ஆனால் ஏற்கெனவே மாரடைப்போ பக்கவாதமோ கால் இரத்தக்குழாய் அடைப்போ கண்டவர்கள். ஆகவே இதய நோயே இல்லாத உங்களைப் போன்றவர்களைப் பற்றி இந்த ஆய்வு எதுவும் சொல்லவில்லை. சேர்ந்தவர்களில் நால்வரில் ஒருவருக்குச் சற்றுக் கூடுதலானோரே பெண்கள் என்பதும், ஆசியர்கள் பத்தில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை என்பதும் நம் வாசகர்கள் கவனிக்க வேண்டியவை.

இனி அந்த 20 விழுக்காடு. சராசரியாக நாற்பது மாதக் கண்காணிப்பில், மருந்துப்போலி போட்டவர்களில் 100-க்கு 8 பேருக்கு மாரடைப்பு, பக்கவாதம், இதய நோய் மரணம் ஆகியவற்றுள் ஒன்று நேர்ந்தது. மருந்து போட்டவர்களில் 100-க்கு 6.5 பேர். எட்டிலிருந்து ஆறரைக்கு இறங்கியது ஐந்தில் ஒரு பங்கு என்பதால் 20 விழுக்காடு என்பது சரியே. அதையே வேறு விதமாகச் சொன்னால், நூற்றில் ஒன்றரைப் பேர் தப்பினார்கள். ஒருவரைத் தப்பவைக்கச் சுமார் 67 பேர் மூன்று ஆண்டுகளுக்கு மேலாக வாரந்தோறும் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். இரண்டு கணக்கும் உண்மை; விளம்பரத்தில் முதற்கணக்கு வரும், இரண்டாவது வராது. இதய நோய் மரணத்தை மட்டும் தனியே எடுத்தால், குறைவு தென்பட்டாலும் தற்செயலை முற்றாக விலக்கும் அளவுக்கு அது வலுவாக இல்லை. பக்க விளைவுகளால் ஊசியை நிறுத்தியவர்கள் 16.6 விழுக்காடு, மருந்துப்போலிக் குழுவில் 8.2 விழுக்காடு. குமட்டல், வாந்தி, வயிற்றுப்போக்கு ஆகியவையே பெரும்பாலான காரணங்கள்.

இத்தனையும் சொன்னபிறகும், இது பெரிய ஆய்வு, நல்ல ஆய்வு என்றே நான் கருதுகிறேன். சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் ஸ்டாட்டின், இரத்த அழுத்த மாத்திரை எல்லாம் ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவற்றுக்கு மேலும் ஒரு பயனைக் காட்டுவது எளிதன்று. எடை குறைப்பு மருந்து ஒன்று, சர்க்கரை நோய் இல்லாதவர்களிடம் மாரடைப்பைக் குறைக்கிறது என்று குலுக்கல் ஆய்வில் நிறுவப்பட்டது இதுவே முதல்முறை.

ஆனால், எடை குறைந்ததால்தான் இதயம் காக்கப்பட்டதா என்ற கோயம்புத்தூர் ஆசிரியரின் கேள்வி இங்கும் விடவில்லை. எடை மெல்லக் குறைந்துகொண்டிருந்த தொடக்க மாதங்களிலேயே இரு குழுக்களின் பாதிப்பு எண்ணிக்கையைக் காட்டும் வரைபடக் கோடுகளும் பிரியத் தொடங்கிவிட்டன. 2025-இல் லான்செட்டில் வெளியான மறு ஆய்வின்படி, இடுப்புச் சுற்றளவு குறைந்ததை வைத்து விளக்கக்கூடியது பயனில் மூன்றில் ஒரு பங்கை மட்டுமே. எஞ்சியதற்கு அழற்சி குறைவது, இரத்தக்குழாயின் மேல் மருந்து நேரடியாகச் செயல்படுவது போன்றவை காரணமாகலாம் என்று கருதுகிறார்கள். அதே அளவு எடையை வேறு வழியில் குறைத்தாலும் அதே பயன் கிடைக்கும் என்று இந்த ஆய்வைக் காட்டி வாதிட முடியாது.

இன்னொன்று. எடைக்காக மட்டும் இதே மருந்தைச் சோதித்த முந்தைய ஆய்வு ஒன்றில், 68 வாரங்களுக்குப் பின் ஊசியை நிறுத்தியவர்களைத் தொடர்ந்து பார்த்தார்கள். ஓராண்டுக்குள் இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. இறங்கியிருந்த இரத்த அழுத்தமும் ஏறக்குறைய பழைய நிலைக்கே வந்தது. எனவே போடத் தொடங்கும்முன், எத்தனை மாதத்துக்குச் செலவைத் தாங்க முடியும் என்பதையும் உங்கள் மருத்துவரிடம் பேசிக்கொள்ளுங்கள். மருந்துக்கடையில் நேராக வாங்கிப் போடும் பழக்கம் அறவே கூடாது.

குண்டாக இருக்கும் இதய நோயாளிகளே அதிக நாள் வாழ்கிறார்கள் என்று ஓர் ஆய்வு சொல்கிறதாமே? (ஒரு வாசகி, ஈரோடு)

ஒன்றல்ல, பல ஆய்வுகள் சொல்லியிருக்கின்றன. அவற்றில் பெரும்பான்மையானவை பி.எம்.ஐ.யை மட்டும் அளந்தவை. நோய் முற்றி மெலிந்தவர்களும் புகைப்பழக்கத்தால் மெலிந்தவர்களும் ஒல்லியானவர்கள் கணக்கில் சேர்ந்துவிடுவதால், பருமனானவர்கள் ஒப்பீட்டில் நலமாகத் தெரிகிறார்கள். இதயச் செயலிழப்பு நோயாளிகளிடம் பி.எம்.ஐ.க்குப் பதிலாக இடுப்புச் சுற்றளவை உயரத்தோடு ஒப்பிட்டு அளந்தபோது, இந்த விந்தை பெரும்பாலும் மறைந்துபோனது. வயதான இதய நோயாளி ஒருவர் முயற்சி ஏதுமின்றி மெலிந்தால், மகிழாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

ஆலிவ் எண்ணெயும் பாதாம் போன்ற கொட்டைப் பருப்புகளும் மாரடைப்பைத் தடுக்கும் என்ற ஆய்வையே திரும்பப் பெற்றுவிட்டார்கள் என்று நண்பர் சொல்கிறார். அப்படியானால் அது பொய்யா? (ஒரு வாசகர், திருச்சி)

நண்பர் சொன்னது பாதிச் செய்தி. ஸ்பெயினில் 7,447 பேரிடம் நடந்த ‘ப்ரெடிமெட்’ ஆய்வு 2013-இல் வெளியானது. மருத்துவ ஆய்வுகளின் புள்ளிவிவரங்களைத் துருவிப் பார்ப்பதில் பேர்பெற்ற ஜான் கார்லைல் என்ற பிரிட்டிஷ் மயக்க மருத்துவர், குலுக்கலில் ஏதோ சரியில்லை என்று சுட்டிக்காட்டினார். தோண்டிப் பார்த்ததில், ஒரே வீட்டைச் சேர்ந்த சிலரைக் குலுக்காமல் ஒரே குழுவில் போட்டிருந்தது தெரிந்தது. ஒரு மையத்தில், ஒரு சிகிச்சை நிலையத்துக்கு வருபவர்கள் எல்லோருக்கும் ஒரே உணவு என்று பிரித்திருக்கிறார்கள். ஒரு கிராமத்தில் ஒருவருக்கு இலவச எண்ணெய், பக்கத்து வீட்டுக்காரருக்கு வெறும் அறிவுரை என்றால் என்ன பேச்சு வரும் என்பது நமக்குத் தெரியாததா! 2018-இல் கட்டுரையைத் திரும்பப் பெற்று, அந்தக் குறைகளை ஒப்புக்கொண்டு, திருத்திய கணக்குடன் அன்றே மறுபடி வெளியிட்டார்கள். ஏறக்குறைய 30 விழுக்காடு குறைவு என்ற முடிவு மாறவில்லை; அதை எடுத்துரைத்த தொனிதான் அடங்கியது. அந்த ஆய்வில் யாரையும் எடை குறைக்கச் சொல்லவில்லை என்பதையும் கவனியுங்கள்.

‘மூலிகைப் பொடி, மாதம் ஐந்து கிலோ உறுதி’ என்று கைப்பேசியில் வரும் விளம்பரங்களை நம்பலாமா? (ஒரு வாசகி, நாகர்கோவில்)

வேண்டாம். மேலே சொன்ன சிபுட்ரமின் தடை செய்யப்பட்ட பிறகும், மூலிகை என்ற பெயரில் விற்ற எடை குறைப்புப் பொருட்களில் அது கலந்திருப்பதை அமெரிக்க மருந்து நிர்வாகம் மீண்டும் மீண்டும் கண்டுபிடித்திருக்கிறது. பொடியைத் தின்று நெஞ்சு படபடத்தால், மிச்சப் பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள்.

எல்லாம் வெளிநாட்டு ஆய்வாகவே சொல்கிறீர்கள். நம்மூரில் யாரும் எதுவும் செய்யவில்லையா? (ஒரு வாசகர், விழுப்புரம்)

செய்திருக்கிறார்கள். சென்னையில் மருத்துவர் அ. இராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006-இல் வெளியிட்ட ஆய்வை உலகமே மேற்கோள் காட்டுகிறது. சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேரைக் குலுக்கல் முறையில் நான்கு குழுக்களாகப் பிரித்தார்கள். வாழ்க்கைமுறை மாற்றக் குழுவுக்குச் சொன்னது சிக்கலானதன்று: சர்க்கரையையும் எண்ணெயையும் தீட்டிய தானியத்தையும் குறைத்து நார்ச்சத்தைக் கூட்டுவது, தினமும் அரைமணி நேரம் நடப்பது; ஏற்கெனவே உடலுழைப்பு உள்ளவர் அதையே தொடர்வது. மூன்று ஆண்டுகளில், அறிவுரை மட்டும் பெற்ற ஒப்பீட்டுக் குழுவில் 55 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை நோய் வந்தது. வாழ்க்கைமுறைக் குழுவில் 39.3 விழுக்காடு. எடை குறிப்பிடும்படி குறையாமலே இந்தப் பயன் கிடைத்தது என்பதுதான் பலரையும் வியக்கவைத்தது. இங்கே எண்ணியது சர்க்கரை நோயை, மாரடைப்பை அல்ல. ஆயினும், தராசு முள் அசையவில்லை என்று நடையை நிறுத்திவிடும் நம்மவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான ஆய்வு வேறில்லை.

சென்னையிலிருந்து மருத்துவர் வி. மோகன் குழுவினர் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துடன் சேர்ந்து நாடு முழுவதும் நடத்திய கணக்கெடுப்பு 2023-இல் வெளியானது. 1,13,043 பேரை அளந்த அந்த ஆய்வின்படி, பொதுவான பருமன் 28.6 விழுக்காட்டினருக்கும், வயிற்றுப் பருமன் 39.5 விழுக்காட்டினருக்கும் இருக்கிறது. பி.எம்.ஐ.யை மட்டும் பார்த்தால் எத்தனை பேரைத் தவறவிடுவோம் என்பது இந்த இரண்டு எண்களுக்கும் இடையிலேயே இருக்கிறது. நம்மிடம் குறைவாக இருப்பவை, பல ஆண்டுகள் காத்திருந்து மாரடைப்புகளை எண்ணும் பெரிய சிகிச்சை ஆய்வுகள். அவற்றுக்குப் பணமும் வேண்டும். சேர முன்வரும் நோயாளிகளும் வேண்டும்.

என் தந்தைக்கு வயது 61, ஒருமுறை மாரடைப்பு வந்தவர், எடையும் அதிகம். புதிய மருந்து ஒன்றின் ஆய்வில் சேரச் சொல்லி, பல பக்கங்கள் கொண்ட ஒரு படிவத்தைத் தந்திருக்கிறார்கள். ஆண்டு வருமானம், வாரிசு பெயர் எல்லாம் கேட்டிருப்பதைப் பார்த்து அம்மா அழுகிறார். எலிக்குப் பதிலாக அப்பாவை வைத்துச் சோதிக்கிறார்களா? (ஒரு வாசகி, தஞ்சாவூர்)

உங்கள் அம்மாவின் அச்சம் இயல்பானதே, அம்மா. வருமானமும் வாரிசுதாரர் பெயரும் கேட்பது அச்சுறுத்துவதற்காக அல்ல. ஆய்வின் காரணமாகப் பாதிப்போ மரணமோ நேர்ந்தால் இழப்பீடு யாருக்கு என்பது முன்பே எழுத்தில் இருக்க வேண்டும் என்று இந்தியச் சட்டம் கோருவதால்தான் அந்தக் கட்டங்கள் படிவத்தில் இருக்கின்றன. 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வுகள் விதிகளின்படி, ஆய்வில் பாதிப்பு நேர்ந்தால் இலவசச் சிகிச்சையும் தர வேண்டும். ஆய்வால் நேர்ந்தது என்று உறுதியானால் இழப்பீடும் தர வேண்டும்.

படிவத்தைத் தமிழில் கேட்டு வாங்குங்கள். வீட்டுக்கு எடுத்துச் சென்று படிக்கவும் குடும்ப மருத்துவரிடம் காட்டவும் அவகாசம் கேளுங்கள். அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்றால், ஆய்வோடு தொடர்பில்லாத, படிக்கத் தெரிந்த ஒருவர் சாட்சியாக உடன் இருக்க வேண்டும். மருந்துப்போலிக் குழுவில் விழ எவ்வளவு வாய்ப்பு, அப்படி விழுந்தாலும் இப்போது எடுக்கும் ஆஸ்பிரினும் ஸ்டாட்டினும் தொடருமா, ஆய்வு முடிந்தபின் மருந்து கிடைக்குமா என்று நேராகக் கேளுங்கள். எந்த நாளிலும், காரணம் சொல்லாமலே, விலகிக்கொள்ளலாம். விலகியதற்காக வழக்கமான சிகிச்சையைக் குறைக்கக் கூடாது.

படிவத்தில் சி.டி.ஆர்.ஐ. (இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடு) என்று தொடங்கும் ஒரு பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். 2009 ஜூன் முதல் இந்தியாவில் மருத்துவ ஆய்வுகளை அந்தத் தேசியப் பதிவேட்டில் முன்கூட்டியே பதிவு செய்வது கட்டாயம். இணையத்தில் அந்த எண்ணைத் தேடினால், யார் பணம் கொடுக்கிறார்கள், எத்தனை பேரைச் சேர்க்கிறார்கள், எந்த நெறிமுறைக் குழு அனுமதித்தது என்பவற்றோடு, முடிவில் எதை எண்ணப்போகிறார்கள் என்பதும் ‘முதன்மை விளைவு’ என்ற வரியில் எழுதியிருக்கும். உடல் எடை என்று இருக்கிறதா, மாரடைப்பும் மரணமும் என்று இருக்கிறதா எனப் பாருங்கள். கையெழுத்திட்ட ஒப்புதல் படிவத்தின் நகலை உங்களிடம் தருவது அவர்களின் கடமை. அதை அப்பாவின் ஆஞ்சியோ அறிக்கை இருக்கும் கோப்பிலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஆய்வு மருத்துவரின் கைப்பேசி எண்ணும் நெறிமுறைக் குழுவின் தொலைபேசி எண்ணும் அந்த நகலில்தான் இருக்கும்.